நான்கு ‘நானுங்க’, ஒரு காலி வரி

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குத் திரும்பியபோது மூன்றாவது மெஷினின் திரை இருட்டாக இருந்தது. அதன் தலையில் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. கீழே பெட்டிக்குள் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆக, மெஷின் அணையவில்லை. திரையை மட்டும் யாரோ அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பசியோடு எழுந்து போகிறவர்கள் திரையின் பொத்தானைத் தேடி அணைப்பதில்லை. மறைக்க ஏதாவது இருக்கிறவர்கள்தான் அணைப்பார்கள். நோட்டை எடுத்துத் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

கறுப்புத் திரை நிறைய வெள்ளைக் கோடுகள். கோடுகளுக்கு நடுவே சந்துகள். ஒரு சந்தின் முட்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு சிரித்த முகம் நின்றுகொண்டிருந்தது. வலது கீழ் மூலையில் சுவர் கொஞ்சம் விட்டிருந்தது. அந்த முகத்தை அந்த இடைவெளி வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. அம்புக்குறிப் பொத்தானைத் தொட்டேன். முகம் நகர்ந்தது. மேலே இருந்த எண்ணில் ஒன்று குறைந்தது. சுவரில் முட்டினால் பெட்டி ‘கீ’ என்று கத்தியது, எண்ணும் குறைந்தது. வெளியே போனால் இதைவிடப் பெரிய புதிர் ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் கோடுகள் புதிதாகப் போடப்பட்டன. ஒருமுறை கற்ற வழி மறுமுறை உதவாது.

இருபது நிமிடம் விளையாடினேன். பிறகு நானும் திரையை அணைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவையில் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் புரோகிராமர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறை, நான்கு மெஷின்கள், வாசலில் செருப்பு விடுவதற்கு ஒரு மர அடுக்கு. ஆறு மாதப் பயிற்சி முடிந்தால் நிரந்தர ஆர்டர் தருவார்கள். அந்த ஆர்டர் மேல்தான் எல்லாம் நின்றது. அப்பாவுக்குப் பவானியில் அரிசி மண்டி. என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகும்போது அவர் சொன்னது இதுதான்: “ஆறு மாசம் பாரு கண்ணு. ஆர்டரு கைக்கு வந்தா இருந்துக்க. இல்லீன்னா பொட்டியக் கட்டிட்டு ஊட்டுக்கு வந்துரு. மறுக்காப் பேச்சில்ல.”

ஊட்டுக்கு வருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வெள்ளகோவிலில் ஒரு குடும்பம் என் புகைப்படத்தை வாங்கிப் பார்த்திருந்தது. பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. படத்தைத் திருப்பித் தரவும் இல்லை.

நான் அந்த விளையாட்டைப் பார்த்த அன்றே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அழித்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, யார் என்று கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டாவது காரணத்தை நோட்டில் எழுதவில்லை: மறுநாள் மதியமும் எனக்கு விளையாட வேண்டியிருந்தது. பத்து நாளில் நிலைமை மோசமானது. ஹாஸ்டலில் தட்டில் ரசம் ஊற்றினால், அது சோற்றுக்கு நடுவில் எந்தச் சந்து வழியாக விளிம்புக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறையப் படிகள் தாண்டி ஆட்டம் முடிந்தால் திரை ஒரு கேள்வி கேட்கும். WHO ARE YOU? நாம் பெயரை அடித்தால் முதல் பத்துப் பேர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பட்டியலை முதலில் பார்த்தபோது திருடனின் கையெழுத்தே கிடைத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டேன். படித்த பிறகு சந்தோஷம் போய்விட்டது. எங்கள் பக்கம் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து “ஆரது?” என்பார்கள். வெளியே நிற்பவர் பெயரைச் சொல்வதில்லை. “நானுங்க” என்பார். குரலை வைத்து உள்ளே இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷின் கேட்டதற்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். பத்து வரியிலும் நானுங்க, நானுங்க, நானுங்க. பெயர் ஒன்றுகூட இல்லை, மரியாதை மட்டும் இருந்தது.

என் ஸ்கோர் ஆறாவது இடத்துக்கு வந்த அன்று அந்தக் கேள்வி என்னிடமும் வந்தது. பெயரை அடிக்க எனக்கென்ன பைத்தியமா? ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினேன். ஆறாவது வரி காலியாக நின்றது. அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

விளையாட்டு எப்போது உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்க முயன்றேன். அது ‘பழைய பிரிண்டர்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு டைரக்டரிக்குள் கிடந்தது. வேண்டுமென்றேதான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். பழைய பிரிண்டரை எவர் திறந்து பார்ப்பார்? டைரக்டரி உருவான தேதியைப் பார்த்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று. கம்பெனியில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம். அந்த மெஷினுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய் நெடுநாளாகியிருந்தது. காலையில் ஆன் செய்தவுடன் அது தேதியைக் கேட்கும். நாங்கள் எல்லோரும் பதில் சொல்லாமல் என்டரைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதனால் அந்த மெஷினுக்குத் தினமும் அதே ஜனவரி ஒன்றுதான். சாட்சி இருந்தது, ஆனால் அதன் வாயை நாங்களே அடைத்துவைத்திருந்தோம்.

மிச்சம் இருந்தது எழுத்துகள்தான். ‘நானுங்க’வை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக அடித்திருந்தார்கள். முதல் இடத்திலும் மூன்றாவதிலும் NAANUNGA. மற்ற வரிகளில் NANUNGA, NANUNKA, NANUNGO. ஒரே ஆள் தோன்றியபடி அடித்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் அப்போது செய்துகொண்டிருந்த வேலையே இதுதான். தமிழ்நாடு முழுக்க உள்ள டீலர்கள் பட்டியலைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பெயரை ஆளுக்கொரு மாதிரி அடித்துவைத்திருந்ததால் ஒரு டீலர் நான்கு டீலராக இருந்தார். காங்கேயத்தில் ஒருவருக்கு வருடப் பிறப்புக்கு நான்கு காலண்டர் போய், அவர் மூன்றைத் திருப்பி அனுப்பி, “என்ர ஊட்டுல இத்தன ஆணி இல்லீங்க” என்று எழுதியிருந்தார். டீலர் விவரங்களை ஆபீஸில் ஆளாளுக்கு எழுதித் தந்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, எந்த எழுத்து யாருடைய கை என்று எனக்கு மனப்பாடம். ‘ங்க’ வரும் இடத்தில் NK போடுகிறவர் ஒருவர்தான் இருந்தார்.

ஆனாலும் நான் அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்சம் சாட்சி சேரட்டும் என்று இருந்தேன். அதற்குள் ஒரு திங்கட்கிழமை முதலாளி வந்துவிட்டார்.

வெளியூர்க்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஷூவைக் கழற்றச் சொல்லி, ஏசியில் நிற்கவைத்து, “நம்ம டீலருங்க பூராப் பேரும் இதுக்குள்ளதான் இருக்கறாங்க, பாருங்க” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது மெஷினின் திரையை அவரே ஆன் செய்தார். கோடுகளுக்கு நடுவிலிருந்து அந்த முகம் சிரித்தது. வந்தவர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “டீலர் ரொம்பச் சந்தோஷமா இருக்காரே” என்றார்.

அன்று மாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில் இருக்கும். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

“மொதலாளி மொகத்தப் பாத்தீங்களா அம்மணி?”

“பாத்தனுங்க சார்.”

“கம்ப்யூட்டர் ரூமு உங்க பொறுப்புல இருக்குது. ஃபிளாப்பி எல்லாத்தையும் பூட்டி வெக்கறது நீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணுங்க. இதுக்கு ஆரு காரணம்னு எழுத்துல வேணும். உங்க ஆர்டரு டைப் ஆகி என்ர மேசைலதான் கெடக்குது. கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. பாத்துக்கோங்க.”

எங்கள் பக்கம் மிரட்டுவதற்கும் ‘ங்க’ உண்டு. வெளியே வந்து படிக்கட்டில் நின்று நோட்டைத் திறந்து, சந்தேகப்பட வேண்டியவர்களை வரிசையாக எழுதினேன். முதலில், காலையில் எட்டு மணிக்கு அறையைத் திறந்து கூட்டித் துடைக்கும் அக்கா. இரண்டாவது, டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிவந்து இன்னமும் பொத்தான்களைக் குத்திக் குத்தி அடிக்கும் டைப்பிஸ்ட் அக்கா. மூன்றாவது, அன்னூரிலிருந்து தினமும் வரும் டெஸ்பாட்ச் அண்ணன். காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறவர். நான்காவது, எனக்கு வேலை சொல்லித்தர வேண்டிய, ஆனால் சொல்லித்தராத சீனியர் புரோகிராமர்.

கூட்டுகிற அக்காவை ஏன் முதலில் எழுதினேன் என்று அன்று நான் யோசிக்கவில்லை. கை தானாக எழுதியது.

வியாழக்கிழமை வரை கண்காணித்தேன். டைப்பிஸ்ட் அக்கா யாருமில்லாதபோது மூன்றாவது மெஷின் பக்கம் போவதும், நான் வந்தால் தலையை வாருவதுபோல் கண்ணாடிக் கதவில் முகம் பார்ப்பதும் தெரிந்தது. டெஸ்பாட்ச் அண்ணன் சீட்டு கொடுக்க வந்தால் இரண்டு நிமிட வேலைக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தார். சீனியர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அளவுக்கு அவர்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் நாங்கள் நான்கு பேர் மட்டும் இருந்தோம். டைப்பிஸ்ட் அக்காதான் ஆரம்பித்தார்.

“ஏனுங்க அம்மணி, அந்த நோட்டுல அப்படி என்னதான் எழுதறீங்க? நாங்க எத்தன இட்டிலி திங்கறோம்னா?”

“வேலைக் குறிப்புங்க அக்கா.”

டெஸ்பாட்ச் அண்ணன் தூக்குப்போசியைத் திறந்துகொண்டே, “ஜாதகக் குறிப்பா இருந்தா என்ர பேர அடிச்சுருங்க அம்மணி. எனக்குக் கண்ணாலமாயி எட்டு வருசமாச்சு” என்றார்.

“உமக்கு அந்த ஒண்ணு நடந்ததே அதிசயமுங்கோ” என்றார் சீனியர். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், எல்லா வாக்கியத்தையும் ‘ங்கோ’ போட்டுத்தான் முடிப்பார்.

சிரிப்பு அடங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நோட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தேன். இடது பக்கம் விளையாட்டில் இருந்த எழுத்துகள், வலது பக்கம் டீலர் சீட்டுகளில் இருந்த காங்கேயம்.

“காங்கேயத்துக்கு NK போடறது இந்த ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தானுங்க அக்கா. இந்த NANUNKA-வும் நீங்கதான். அண்ணா, சாதாரண NANUNGA உங்களோடது. ‘ங்கோ’ ஆருன்னு நான் சொல்ல வேண்டியதில்லீங்க.”

டைப்பிஸ்ட் அக்கா சோற்றிலிருந்து ஒரு கறிவேப்பிலையை எடுத்து மூடியின் ஓரத்தில் வைத்தார். அப்புறம் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

“சரிங்க. நாந்தான். வெளையாண்டந்தான். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. நாங்க மூணு பேரும் கேட்ட கேள்விக்கு மரியாதையா நானுங்கன்னு சொல்லியிருக்கறோம். ஆறாவது வரில ஒருத்தரு வாயே தொறக்காம வெறுசா உட்டுட்டுப் போயிருக்கறாங்களே, அது ஆருங்க? ஒரு மாசமா நாங்க அதையத்தான் பேசிட்டிருக்கறோம்.”

“மேனேஜரு வெச்ச ஆளுன்னு நான் சொன்னேன்” என்றார் டெஸ்பாட்ச் அண்ணன்.

“ஆருன்னு கேட்டா மூச்சு உடாம நிக்கறவன் நல்லதுக்கு வந்தவனா இருப்பானுங்களா?” என்றார் சீனியர்.

எனக்கு விக்கல் வந்தது. அக்கா தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நகர்த்திய விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. குடித்துவிட்டு, “நானுங்க” என்றேன். வேறு வார்த்தை அப்போது வாய்க்கு வரவில்லை.

டெஸ்பாட்ச் அண்ணன் மேசையில் ஓங்கி அடித்தார். “பாத்தீங்களா! கடேசில இவங்களும் நானுங்கதான்!”

சிரித்து முடித்த பிறகு அவர்கள் சொன்னவை மூன்று விஷயங்கள். விளையாட்டை உள்ளே போட்டது அவர்களில் யாரும் இல்லை. மெஷின் வரும்போதே இருந்திருக்கலாம். முதலாளி வந்த அன்று திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடியவர் டைப்பிஸ்ட் அக்கா. இரண்டு A போட்டு முதல் இடத்தில் இருப்பவர் யாரென்று அவர்களுக்கும் தெரியாது. “ஒவ்வொரு திங்கக்கெழம காலைலயும் அந்த ஸ்கோரு ஏறி நிக்குமுங்கோ” என்றார் சீனியர். “சனிக்கெழம மத்தியானம் நாம போனதுக்கப்புறம் ஆரோ இருக்கறாங்க.”

“நாளைக்கு மேனேஜருகிட்ட என்ன சொல்லப்போறீங்க?” என்று அக்கா கேட்டார். கேலி போய்விட்டிருந்தது. “சொல்றதா இருந்தா மூணு பேரையும் சேத்துச் சொல்லிருங்க அம்மணி. ஒருத்தரு பேர மட்டும் குடுத்தா அந்த ஒருத்தர மட்டும் ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க.”

அறைக்குத் திரும்பி டீலர் சீட்டுகளை மறுபடி எடுத்தேன். காங்கேயத்தை நான்காவது விதமாக எழுதிய சீட்டுகள் ஒரு கட்டாக இருந்தன. KAANGEYAM, BHAVAANI. நெடில் வரும் இடமெல்லாம் இரண்டு A. பென்சிலில் எழுதியவை. திருத்தங்களைப் பென்சிலில் எழுதி அனுப்புகிறவர் எங்கள் ஆபீஸில் மேனேஜர் ஒருவர்தான். மெஷின்களுக்குக் கரண்ட் கொடுக்கும் யுபிஎஸ்ஸின் சாவியும் அவரிடம்தான். சனிக்கிழமை கடைசியாகக் கிளம்புகிறவரும் அவர்தான். ஆனால் இரண்டு A போட்டு எழுதுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதையும் எழுதிவைத்தேன்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சீனியர் மேனேஜர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். காலி வரி யாருடையது என்று அவருக்கு இப்போது தெரியும். என் தாளில் அவர் பெயர் இருப்பதும் தெரியும். முந்திக்கொண்டாரா? மதியம் சிரித்தது நிஜச் சிரிப்பா, என் வாயிலிருந்து வார்த்தையை வாங்குவதற்கா? ஹாஸ்டல் வரைக்கும் இதே கேள்விதான். இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். விளையாட்டின் பட்டியலை அச்சிட்டு எடுத்துவரச் சொல்லியிருந்தார், கொடுத்தேன். மேசையின் இடது பக்கம் என் ஆர்டர் இருந்தது. தலைகீழாகவே என் பெயரைப் படிக்க முடிந்தது. அவர் பென்சிலை எடுத்துப் பட்டியலின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“இதையெல்லாம் ஆராயறதுல புண்ணியமில்லீங்க அம்மணி. நானே யோசிச்சுப் பாத்தேன். காலைல மொதல்ல ரூமத் தொறக்கறது ஆரு? கூட்டறதுக்கு வர்றாளே, அவதான. ஆருமில்லாத நேரத்துல பொத்தான நோண்டியிருப்பா. நாலு வரி எழுதிக் குடுத்துருங்க. நான் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். ரெண்டு பேருக்கும் சோலி முடிஞ்சுரும்.”

நான்கு வரி. அதில் பாதி என் நோட்டில் ஏற்கெனவே இருந்தது. என் பட்டியலின் முதல் பெயரும் அதுதானே. மேனேஜர் வந்து சேர்ந்த இடத்துக்கு நான் திங்கட்கிழமையே வந்துவிட்டிருந்தேன். இருவருக்கும் அந்தப் பெயர் முதலில் வந்ததற்குக் காரணமும் ஒன்றுதான்: அந்த அக்கா எதிர்த்துக் கேட்க மாட்டார். அன்னூருக்கு அந்தப்பக்கம் ஒரு காலனியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். அவர் வீட்டில் மற்ற எல்லோரும் பிறர் காட்டில் களை எடுக்கிறவர்கள். மெஷின்களைத் துடைக்கும்போதுகூடப் பொத்தான்கள் மேல் துணி படாமல் ஓரத்தை மட்டும் ஒத்தி எடுப்பார். “கெட்டுப்போச்சுன்னா என்னையத்தானுங்க சொல்லுவாங்க” என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆர்டரைப் பார்த்தேன். வெள்ளகோவில்காரர்களிடம் இருக்கும் என் படத்தை நினைத்தேன். அதில் நான் மாம்பழ நிறப் புடவை கட்டியிருப்பேன்.

“அவங்களா இருக்க முடியாதுங்க சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“எட்டரைக்கு அவங்க மாடிக்குப் போயிருவாங்க. யுபிஎஸ் ஆன் பண்றது ஒம்போது மணிக்குங்க. கரண்டே இல்லாத மெஷின்ல எப்படீங்க வெளையாட முடியும்?” நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது.”

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

“அப்ப ஆருங்க?”

“ஆறாவது வரி என்னோடதுங்க சார். காலியா இருக்கறது. தெரிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கோணும். சொல்லாம நானும் வெளையாண்டனுங்க.”

“மத்ததெல்லாம்?”

“நானுங்கன்னு மட்டுந்தானுங்க போட்டிருக்குது. ஆரு வேணும்னாலும் சொல்லியிருக்கலாமுங்க.”

அவர் கவிழ்த்து வைத்த தாளைத் திருப்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. “மேல இருக்கறது? ஆருன்னு தெரியுங்களா?”

“தெரியலீங்க சார்” என்றேன். என் முகத்தை அவர் பார்த்தார், அவர் முகத்தை நான் பார்த்தேன். தாளை நான்காக மடித்துப் பென்சில் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் என் பின்னால் நின்றுகொண்டு விளையாட்டை அழிக்கச் சொன்னார். அழித்தேன். கடைசி ஃபைல் போகும்வரை பார்த்துவிட்டு, “இன்னொரு காப்பி எங்கயாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். அது பயத்தில் கேட்டதா ஆசையில் கேட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மற்ற மூவரிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டைப்பிஸ்ட் அக்கா சனிக்கிழமை எனக்கென்று ஒரு டப்பாவில் இனிப்பு ஒப்பிட்டு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். கூட்டுகிற அக்கா அடுத்த வாரம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க அம்மணி, என்ர பேரு என்னமோ அடிபட்டுதாமா?” இல்லையே என்றேன். நோட்டில் அந்தப் பக்கத்தை அதற்கு முன்பே கிழித்திருந்தேன். என்றாலும் அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து என் மேசையை மட்டும் நான் வந்த பிறகுதான் துடைத்தார்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. நிரந்தர ஆர்டர் இல்லை. ‘தங்களுக்குத் தெரிந்த காரணங்களை முன்னிட்டு’ பயிற்சிக் காலம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஆபீஸிலிருந்து எது வந்தாலும் அனுப்புவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தபடி அவருக்கு ஒரு நகல் அனுப்பினேன். போனில் சொல்லியிருந்தால் என் வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அதை அப்போது யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை ஹாஸ்டல் பார்வையாளர் அறையில் அப்பா உட்கார்ந்திருந்தார். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கடிதம் அவர் மடியில் இருந்தது. மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

“ஒனக்குத் தெரிஞ்ச காரணம்னு போட்டிருக்குதாமா கண்ணு. எனக்குத் தெரியாத காரணம் என்ன அது?”

“கம்ப்யூட்டர்ல ஒரு வெளையாட்டு இருந்துச்சுங்கப்பா. வேலை நேரத்துல வெளையாண்டுட்டேன்.”

“வெளையாட்டு.”

“ஆமாங்கப்பா. கோடு கோடா இருக்கும். சந்து மாதிரி. அதுல வழி கண்டுபுடிச்சு வெளிய வரோணும்.”

அவர் வார்டன் இருந்த திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் கோவிச்சுக்க மாட்டேன். சொல்லு. ஆரு அவன்?”

“ஆருமில்லீங்கப்பா.”

“ஆபீஸ்லயா?”

“அப்பா, வெளையாட்டுதானுங்க.”

“வெளையாட்டுக்கு மூணு மாசம் தள்ளிப் போடுவாங்களா? காரணத்த எழுதறதுக்கே கூச்சப்பட்டு எழுதாம உட்டிருக்கறாங்க. எங்களுக்குப் புரியாதா?”

நான் எவ்வளவு தெளிவாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அது புனைந்ததாகத் தோன்றியது. முகம், சுவர், அம்புக்குறிப் பொத்தான். என் வாழ்க்கையில் முதல்முறையாக நடந்ததை நடந்தபடி வரிசையாகச் சொன்னேன், ஒரு வரியைக்கூட அவர் ஏற்கவில்லை. வெள்ளகோவில் பேச்சை அவர் எடுக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். அப்புறம் புரிந்தது: இப்படி ஒரு காரணம் இருக்கும்போது அங்கே போய் நிற்க அவருக்குத் தயக்கம். “மூணு மாசம்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த மூன்று மாதமும் சனிக்கிழமைகளில் வந்தார். ஆபீஸுக்கு எதிரே இருந்த பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு, நான் யாரோடு வெளியே வருகிறேன் என்று பார்த்தார். ஒருநாள் டெஸ்பாட்ச் அண்ணனை நிறுத்தி, “அன்னூருங்களா? எந்தத் தோட்டமுங்க?” என்று ஆரம்பித்து, அவருக்கு இரண்டு பிள்ளைகள் என்று தெரிந்தவுடன் சட்டென்று பேச்சை முடித்துக்கொண்டார். சீனியரின் மோட்டார் சைக்கிள் எண்ணைக் காலண்டர் தாளில் எழுதிவைத்திருந்ததை அம்மா பிறகு சொன்னார். நோட்டு எழுதும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்த வாரம் ஆர்டர் கையெழுத்தாகி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அதை நானே கொண்டுபோய் மண்டியில் அவரிடம் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை உரக்கப் படித்தார். நிரந்தரம், இன்ன தேதியிலிருந்து, இன்ன பதவி. அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுல காரணம் ஒண்ணுமே போடலையே” என்றார்.